இறக்குமதி அல்ல, எடுத்தாளல்

ஹட்டனில் மாலை வகுப்பொன்றில் பைதான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். வேறொரு ஃபைலில் உள்ள நிரலைப் பயன்படுத்தக் கேட்கும் கட்டளை அதில் இம்போர்ட். கையில் உள்ள பாடத்தாளில் அது வரும் இடமெல்லாம் 'இறக்குமதி'. போன கிழமை ஒரு பிள்ளை, "சேர், ஃபைலை இந்த ஃபோல்டருக்கும் இறக்கிட்டேன், இன்னும் பிழை வருது" என்றாள். பார்த்தால் ஒரே ஃபைல் மூன்று ஃபோல்டரில். ஒன்றைத் திருத்தியிருக்கிறாள், மற்ற இரண்டும் பழையபடி. பிள்ளையில் குற்றமில்லை. சொல் சொன்னதைத்தான் செய்தாள்.

இம்போர்ட் லத்தீன் வழி வந்தது; உள்ளே சுமந்து வருதல். அவ்வளவுதான்.

இறக்குமதியோ துறைமுகத்துச் சொல், ஏற்றுமதிக்குச் சோடி. மலையகத்தில் அதைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை: பெக்டரித் தேயிலை கொழும்பில் கப்பலேறிவிட்டால் பிறகு இங்கே இராது. பைதானில் எதுவும் இடம் மாறுவதில்லை. மொடியூல், அதாவது நாம் கேட்ட நிரல் ஃபைல், இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் தடவை பைதான் அதை ஓட்டி, நினைவகத்தில் வைத்து, ஒரு பெயரால் நம்மிடம் தருகிறது. அடுத்த தடவை கேட்டாலும் அதையே தரும். உரையாசிரியர் ஒரு குறளை எடுத்தாண்டால் அந்தக் குறள் திருக்குறளை விட்டு வந்துவிடுகிறதா? ஆகவே எடுத்தாளல். அது மேற்கோளுக்கு உரிய சொல் என்பார்கள், அதனால்தான் பொருந்துகிறது. ஃபைல், ஃபோல்டர் என்று எழுதுவதில் எனக்கு மனக்குறை இல்லை. தமிழ்ச் சொல் என்று ஒன்றை வைத்து, அதுவே பிள்ளையைத் தவறான வழியில் அனுப்புவதுதான் பொறுக்கவில்லை.

அதே தாளில் ரிலேட்டிவ் இம்போர்ட் 'உறவு இறக்குமதி'. மொடியூல்களை உள்ளே வைத்திருக்கும் ஃபோல்டர் பெக்கேஜ், பொதி; பேரன்ட் பெக்கேஜ் 'பெற்றோர் பொதி'. அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல். இங்கே உறவு ஏது? நிற்கும் இடத்தைச் சார்ந்து வழி சொல்வது அது. மொடியூல் பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் இதே பொதி, இரண்டு புள்ளி அதற்கு மேல் பொதி. 'அடுத்த லயம்' (தொழிலாளர் வீட்டு வரிசை) என்றால் தோட்டத்துக்குள் நிற்பவருக்கு விளங்கும். ஹட்டன் பஸ் நிலையத்தில் கேட்டால் எந்தத் தோட்டம் என்பார்கள். பொதிக்குள் கிடக்கும் ஃபைலை நேரே ஓட்டினால் பைதான் அதற்கு 'மெயின்' என்று பெயர் வைத்துவிடும். எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. புள்ளி எதைச் சாரும்?

அப்போது வரும் பிழைச் செய்தி 'அட்டெம்டட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பெக்கேஜ்'; அந்தப் பிள்ளைக்கு வந்ததும் அதுதான். அதை நான் இப்படித்தான் எழுதுவேன்: 'தாய்ப் பொதி தெரியவில்லை, சார்பு எடுத்தாளல் முடியாது.' இதைப் பலகையில் எழுதியதும் அந்தப் பிள்ளை பிரதிகள் இரண்டையும் அழித்தாள். பொதிக்கு மேலுள்ள ஃபோல்டருக்குப் போய், 'பைதான் -எம் தோட்டம்.சம்பளம்' என்று, கடைசியில் .பிவை என்ற ஃபைல் வாலைப் போடாமல் ஓட்டினாள். தோட்டம் பொதி, சம்பளம் அதற்குள் உள்ள ஃபைல்; -எம் போட்டால் எந்தப் பொதி என்று பைதானுக்குத் தெரியும். ஓடியது.