ரோஸ்டட் பெப்பர்னா "வறுத்த மிளகு" இல்லைங்க

முஹம்மரா, ரொமெஸ்கோ மாதிரி, குடைமிளகாயோட அக்ரூட் (வால்நட்), பாதாம்னு ஏதாவது சேர்த்து அரைச்சு ரொட்டிக்குத் தொட்டுக்கற டிப்புக்குத் தமிழ்ல குறிப்பு தேடினா திரும்பத் திரும்ப ஒரே வரிதான் வருது: "பெரிய சிவப்பு மிளகு 3, வறுத்துத் தோல் உரிக்கவும்". மிளகுல ஏதுங்க பெரிய சிவப்பு மிளகு? தலைப்பு இன்னும் மோசம், "வறுத்த மிளகு மற்றும் கொட்டை டிப்". இதைப் படிச்சுட்டு ஒருத்தர் கால் கப் மிளகை வாணலில போட்டு வறுத்து அரைச்சா அதை நாக்குல வைக்க முடியுமா? இதுக்கு மேலயும் சும்மா இருக்க முடியலை, அதான் எழுதறேன்.

முதல்ல பெப்பர். நம்ம திப்பிலிக்கு வடமொழில பிப்பலி, அது கிரேக்கத்துல பெப்பெரி ஆகி, லத்தீன்ல பிப்பெர் ஆகி, இங்கிலீஷ்ல பெப்பர்னு நின்னுச்சு. 1492ல கொலம்பஸ் மேற்கே கிளம்பினப்போ ஆசியாவோட வாசனைச் சரக்குங்க மேல ஒரு கண்ணு, அமெரிக்கப் பக்கம் கிடைச்சதோ வேற செடியோட காரமான காய், அதையும் அவங்க மிளகுன்னே சொல்லிட்டாங்க. ஸ்பானிஷ்காரங்களாவது பிமியெந்தான்னா மிளகு, பிமியெந்தோன்னா குடைமிளகாய்னு கடைசி எழுத்துல பிரிச்சு வெச்சாங்க. இங்கிலீஷ்ல அதுவும் இல்லை, ரெண்டுக்கும் பெப்பர்தான். தமிழ்ல அந்தக் குழப்பமே கிடையாது, மிளகு வேற, மிளகு மாதிரி காரமா இருக்கற காய் மிளகாய், அதுல பெருசா உப்பலா காரமே இல்லாம இருக்கறது குடைமிளகாய். குடமிளகாய்னு எழுதறவங்களும் இருக்காங்க, குடை மாதிரியோ குடம் மாதிரியோ, ரெண்டும் அந்தக் காய்க்குப் பொருந்தத்தான் செய்யுது, அதுல எனக்கு சண்டை இல்லை. எனக்கு சண்டை "மணி மிளகு"ங்கற சொல்லோடதான். பெல் பெப்பர்ங்கறதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாத்தியிருக்காங்க, ஆனா தமிழ்ல மணின்னா உருண்டையா சின்னதா இருக்கறதையும் குறிக்கும், நெல்மணி மாதிரி, அதனால மணி மிளகுன்னு படிச்சதும் மிளகுதான் இன்னும் அழுத்தமா ஞாபகத்துக்கு வருது. கைல நல்ல சொல் இருக்கறப்போ இப்படி ஒண்ணை உண்டாக்கறது எதுக்கு?

சரி, இதைத் திருத்தி "வறுத்த குடைமிளகாய்"னு எழுதறவங்க இருக்காங்க. பாதி கிணறு தாண்டின மாதிரிதான். தப்பு மிளகுல மட்டும் இல்லை, "வறுத்த"லயும் இருக்கு, சொல்லப்போனா சமையலைக் கெடுக்கறது அதுதான். இங்கிலீஷ்ல ரோஸ்ட்ங்கற ஒரே வினை அவன் (oven) அடுப்புல வேகற கறிக்கும், காப்பிக்கொட்டைக்கும், வேர்க்கடலைக்கும், தீயில கருகற குடைமிளகாய்க்கும் வரும். தமிழ்ல அப்படி இல்லைங்க. வறுக்கறதுன்னா சட்டில போட்டு கிளறிக்கிட்டே இருக்கறது. வதக்கறதுன்னா எண்ணெய்ல துவள விடறது. வாட்டறதுன்னா அனல்ல லேசா காட்டி எடுக்கறது. சுடறதுன்னா நேரா தீயிலயோ தணல்லயோ அவன்லயோ வெச்சு உள்ள வரைக்கும் வேக விடறது. ஒவ்வொண்ணும் வேற வேலை, வேற பாத்திரம், வேற வாசனை. இவ்வளவு நுணுக்கமா பிரிச்சு வெச்சிருக்கற மொழில ரோஸ்ட்டுன்னு பார்த்த உடனே கண்ணை மூடிக்கிட்டு "வறு"ன்னு போடறது சோம்பேறித்தனம்தான், வேற என்ன சொல்ல.

குடைமிளகாயை என்ன பண்றோம்னு பாருங்க. முழுக்காயை அடுப்புத் தீ மேலயே வைக்கறோம், இல்லைன்னா 220, 230 டிகிரி சூட்டுல அவன்ல வைக்கறோம். தோல் கொப்புளிச்சு, படபடன்னு வெடிச்சு, கரிக்கட்டை மாதிரி கருகணும், இடுக்கியால திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் கருக்கணும். அப்புறம் ஒரு கிண்ணத்துல போட்டு தட்டு வெச்சு மூடி ஒரு கால் மணி நேரம் விட்டா அதோட ஆவியிலயே தோல் சதையை விட்டுப் பிரிஞ்சுரும், விரலால தள்ளினாலே வழுக்கிக்கிட்டு வரும். உள்ள இருக்கற சதை எண்ணெய் பூசின மாதிரி பளபளன்னு, இனிப்பா, புகை வாசனையோட இருக்கும். அதைக் குழாய்த் தண்ணில கழுவக் கூடாது, அந்தப் புகை வாசனையும் ஊறி நிக்கற சாறும் தண்ணியோட போயிரும், அங்கங்க கொஞ்சம் கருப்பு ஒட்டிக்கிட்டு இருந்தா இருக்கட்டும். இதுக்குப் பேரு சுடறது. "வறுத்து"ன்னு படிக்கறவர் என்ன பண்ணுவார்? காயை நறுக்கி, வாணலில எண்ணெய் விட்டு, கிளறுவார். தோல் சதையோட ஒட்டியே இருக்கும், மிக்ஸில போட்டா தோல் மட்டும் சுருள் சுருளா நிக்கும், புகை வாசனையும் வராது. அவர் மேல ஒரு தப்பும் இல்லை, குறிப்புல இருந்ததைத்தான் செஞ்சார்.

"வாட்டிய குடைமிளகாய்"னும் ஒரு கட்சி உண்டு. வறுத்ததுக்கு இது எவ்வளவோ மேல், தீ உள்ள வந்துருச்சு. ஆனா வாட்டறதுங்கறது அரைகுறைச் சூடு, அப்பளத்தையோ வாழை இலையையோ காட்டி எடுக்கற மாதிரி. குடைமிளகாயை அந்த அளவுக்குக் காட்டினா தோல் சுருங்கும், உரியாது. அவன்ல வெச்சா அதை எப்படி சுட்டதுன்னு சொல்றதுன்னு கேக்கறாங்க. ரொட்டி சுடறோம்னு சொல்றோமே, அது வேகறது அவன்லதானே? தாராளமா சொல்லலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா "வறுத்த"ங்கற சொல்லுக்கும் இந்தக் குறிப்புல இடம் இருக்கு, இடம் மாறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். முஹம்மராவுக்குப் போடற அக்ரூட்டைத்தான் வாணலில வறுக்கணும். வறுத்தாதான் அதோட தோல்ல இருக்கற கசப்பு அடங்கி எண்ணெய் வாசனை மேல வரும். ஆக, சுட்ட குடைமிளகாய், வறுத்த அக்ரூட். இங்கிலீஷ்ல ஒரே ரோஸ்டட் ரெண்டையும் மூடி மறைச்சிருக்கு, தமிழ்ல ரெண்டு வினையா பிரிச்சு எழுதினா தலைப்பைப் படிச்சாலே பாதி செய்முறை புரிஞ்சுரும்.

அடுத்து தலைப்புல இருக்கற அந்த "மற்றும்". ரெண்டு பேர்ச்சொல்லுக்கு நடுவுல கட்டாயம் அதைச் சொருகணும்னு எந்த இலக்கணமும் சொல்லலை, உம் போட்டாலே போதும், இல்லைன்னா சேர்த்து எழுதினாலே போதும். "கொட்டை"யும் அப்படித்தான். மாங்கொட்டை, புளியங்கொட்டைன்னு நாம எறியற பொருளுக்குத்தான் அது முதல்ல ஞாபகம் வரும், உடைச்சு உள்ள இருந்து எடுத்துத் திங்கறதுக்கு பருப்புன்னு பேர், பாதாம் பருப்பு, முந்திரிப் பருப்பு.

டிப்புக்கு "தோய்ப்பான்"னு ஒரு புதுச் சொல் சுத்துது. ஆன்னு முடிஞ்சா செய்யற ஆளையோ கருவியையோ குறிக்கும். தோய்க்கறது ரொட்டியும் நம்ம கையும், கிண்ணத்துல இருக்கறது தோயப்படற பொருள், அப்போ தோய்ப்பான்னு எதைச் சொல்றோம்? தொடுகறின்னு பழைய சொல்லே இருக்கு, ஆனா அது தொட்டுக்கற எல்லாத்துக்கும் பொது. எனக்குப் பிடிச்சது துவையல். துவைக்கறதுன்னா இடிக்கறது, நசுக்கறது, துணி துவைக்கறதும் அதே வினைதான். முஹம்மராவை வெண்ணெய் மாதிரி மழமழன்னு அரைச்சா நல்லா இருக்காது, அக்ரூட் பல்லுல நறநறன்னு தட்டுப்படணும், ரொட்டித்தூள் சேர்த்துக் கெட்டியா இருக்கணும். துவையல்னு சொன்னா அந்தப் பதம் சொல்லுலயே வந்துருது.

முஹம்மரா, ரொமெஸ்கோன்னு பேர் இருக்கறதை மாத்த வேண்டியதில்லை. முஹம்மரான்னா அரபில சிவக்க வெச்சதுன்னு அர்த்தம், சிரியாவோட அலெப்போ நகரத்துப் பேர், அப்படியே இருக்கட்டும். ரொமெஸ்கோ கட்டலோனியாவுல தரகோனா பக்கத்துது, அதுக்கு பாதாமும் ஹேசல்நட்டும். பேருக்குக் கீழ விளக்கம் எழுதறப்போதான் தமிழ் வேணும். அங்கயும் வெறும் "பருப்புத் துவையல்"னு எழுதிராதீங்க, அது துவரம்பருப்புலயோ கடலைப்பருப்புலயோ அரைக்கற வேற பண்டம். எந்தப் பருப்புன்னு பேரைச் சொல்லியே எழுதுங்க: சுட்ட குடைமிளகாய் அக்ரூட் துவையல், சுட்ட குடைமிளகாய் பாதாம் ஹேசல்நட் துவையல். அக்ரூட் ஒத்துக்காத ஒருத்தர் அந்தத் தலைப்பைப் பார்த்த உடனே கையை எடுத்துக்குவார், "கொட்டை டிப்"னு போட்டா அவருக்கு எப்படித் தெரியும்?