பவளத் தொட்டியின் சுண்ணாம்புக் கணக்கு

மீன் மட்டும் இருக்கும் தொட்டியில், தண்ணீரில் தேவையில்லாதது சேர்வதுதான் கவலை. கல் பவளம் இருக்கும் கடல்நீர்த் தொட்டியில் இன்னொரு கவலையும் உண்டு: தேவையானது தீர்ந்துகொண்டே வரும். பவளம் வளர்கிறது என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவைச் சுற்றியுள்ள கடலில் அந்த இழப்பு கணக்கிலேயே வராது. வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் இருக்கும் 200 லிட்டர் தொட்டியில் மூன்றே நாளில் தெரிந்துவிடும்.

அந்த எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதைக் கட்டக் கால்சியமும் பைகார்பனேட்டும் வேண்டும். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பைகார்பனேட்டைக் காரத்தன்மை என்ற அளவை வைத்துப் பார்க்கிறோம். தொட்டி வைத்திருப்பவர்கள் பேச்சில் அது கே.எச்.; கடலில் ஏறத்தாழ 7 டிகிரி. இதைப் பி.எச்.சோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பி.எச். தண்ணீரின் இப்போதைய அமில, கார நிலையைச் சொல்கிறது. கே.எச்., இன்னும் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் கையிருப்பு உண்டு என்று சொல்கிறது.

பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் செலவழிக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் கல்லாகும்போது கூடவே 2.8 டிகிரி கே.எச். போய்விடும். தொட்டியில் கால்சியம் 420, கே.எச். 8 என்று வைத்துக்கொள்வோம். பவளங்கள் நாளுக்கு 1 கே.எச். எடுக்கின்றன, நன்றாக வளரும் தொட்டியில் இது சாதாரணம். அதே வேகத்தில் மூன்று நாள் போனால் கால்சியம் 399 ஆகும். 5 சதவீதம்தான் குறைவு, வீட்டில் செய்யும் சோதனையில் பிடிபடுவதே கஷ்டம். ஆனால் கே.எச். 5-க்கு வந்திருக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி! கால்சியம் சரியாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் பவளம் வாடுகிறது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கே.எச்.சைப் பாருங்கள்.

அந்தச் சோதனையே பார்க்க அழகானது. சிறு கண்ணாடிக் குப்பியில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து நிறங்காட்டி விட்டால் நீலப்பச்சையாகும். ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ரொம்ப நேரம் நிறம் அசையாது. விழும் அமிலத்தைப் பைகார்பனேட் பிடித்து, அது கரியமில வாயுவாக மாறிக்கொண்டிருக்கிறது. முடிவு நெருங்கும்போது சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு தோன்றி மறையும். கையிருப்பு தீர்ந்ததும் ஓரிரு சொட்டில் குப்பி முழுக்க நிறம் மாறிவிடும். எவ்வளவு அமிலம் செலவானது என்று சிரிஞ்சில் பார்த்தால் கே.எச். தெரியும். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள், அப்போதுதான் ஒரு நாள் எண்ணை மறுநாள் எண்ணோடு ஒப்பிட முடியும்.

எந்த எண் நல்லது என்பதைவிட அது நிலையாக நிற்கிறதா என்பதே பெரிய கேள்வி. 7.5-லும் பவளம் வளர்கிறது, 9-லும் வளர்கிறது. இன்று 7, நாளை 10 என்று ஆட விட்டால் அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களின் நுனி வெளுக்கும், சதை உரியும்.

சரி, எடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஆப்ப சோடாதான் சோடியம் பைகார்பனேட். 200 லிட்டரில் 1 கே.எச். ஏற்ற 6 கிராம் போதும். அதற்கு ஈடான கால்சியத்துக்கு 5 கிராம் சொச்சம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, அளவாக விடும் டோசிங் பம்ப் மூலம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

இன்னொரு வழி சுண்ணாம்பு நீர். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளில் வெற்றிலையோடு விற்கும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். தொட்டிக்கு அதைப் போட வேண்டாம், கலப்பில்லாத தூள் வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல், அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். தொட்டியில் விழுந்ததும் அது கரியமில வாயுவைப் பிடித்துப் பைகார்பனேட் ஆகிறது. கால்சியமும் கே.எச்.சும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கிடைக்கும். பி.எச்.சும் ஏறும்.

சிங்கப்பூரில் இந்தக் கடைசி குணம் ரொம்ப உதவும். ஏர்கான் போட்டு ஜன்னலை மூடி நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப் போல இரு மடங்கு ஆவது சுலபம். அந்தக் காற்றை ஸ்கிம்மர், அதாவது நுரை உண்டாக்கிக் கழிவை அகற்றும் கருவி, தண்ணீருக்குள் கலக்குகிறது. வாயு இரட்டிப்பானால் கே.எச். மாறாமலே பி.எச். சுமார் 0.3 இறங்கும். 8.2 என்று இருந்தது 7.9 ஆகும். விடியற்காலையில் இன்னும் குறையும், ஏனென்றால் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ள இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. இதைப் பார்த்துச் சோடாவைக் கூட்டுவது தவறான மருந்து. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அப்படியே நிற்கும். 200 லிட்டரில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகி ஒரு வாரம் கவனிக்காவிட்டால், ஆயிரத்துக்கு 35 என்று இருந்த உப்பு 39-ஐத் தாண்டிவிடும். ஆவியானதற்கு ஈடாக நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு நீரை அல்ல. ஆனால் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரமைன் இருக்கிறது. கொதிக்க வைத்தோ ஒரு நாள் திறந்து வைத்தோ அதை நம்பிக்கையாகப் போக்க முடியாது. கார்பனும் அயனி நீக்கும் பிசினும் சேர்ந்த ஆர்.ஓ. வடிகட்டி வேண்டும். மின்விசிறியால் தண்ணீரைக் குளிர்விப்பதும் இந்த ஈரக்காற்றில் ஓரளவுக்குத்தான் பலிக்கும், சில்லர் என்ற குளிரூட்டும் கருவி வாங்குவதே நல்லது. நம் தென்தீவுகளின் பவளங்களே 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்தவை.

மறந்துவிடக் கூடாத இன்னொன்று மக்னீசியம். லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம். கடல்நீரில் கால்சியம் கார்பனேட் கரைந்து நிற்க வேண்டிய அளவைவிட அதிகமாகவே இருக்கிறது. உருவாகத் தொடங்கும் படிகத்தின் மேல் மக்னீசியம் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுப்பதால்தான் அது வீணாகப் படிவதில்லை. மக்னீசியம் குறைந்தாலோ, சோடா, கால்சியம் குளோரைடு ஆகிய இரண்டு கரைசலையும் ஒரே இடத்தில் ஊற்றினாலோ தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கும், பம்பு உருளையில் சுண்ணாம்பு படியும். அப்போது கே.எச். இறங்கினாலும் அது பவளத்துக்குப் போவதில்லை.

கே.எச். 5-க்கு இறங்கிவிட்டதைக் கண்டால் அன்றே 8-க்கு ஏற்ற வேண்டாம். நாளுக்கு 1 கூடினால் போதும். பவளம் அன்றாடம் எடுப்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால், இந்த 200 லிட்டர் தொட்டிக்கு 6 கிராம் அல்ல, நாளுக்கு 12 கிராம் ஆப்ப சோடா. அதைக் காலையும் மாலையுமாகப் பிரித்து மூன்று நாள் ஊற்றுங்கள். நான்காம் நாள் 8 காட்டினால் பழையபடி 6 கிராமுக்குத் திரும்பலாம்.