காய்ச்சல் விட்ட பிறகும் தலைவலியா? முதலில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்

இந்த வாரம் மீண்டும் ஒரு கர்ப்பிணி. எட்டாம் மாதம். வைரஸ் காய்ச்சல் வந்து போய்ச் சில நாட்கள் ஆகியும் தலைவலி விடவில்லை. "காய்ச்சல் அசதிதான் டாக்டர், ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று உடன் வந்தவர் அவருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தால் 170/110. சிறுநீரில் புரதம் வேறு.

எல்லா வைரஸ் காய்ச்சலும் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடாது. கோவிட் வந்த கர்ப்பிணிகளிடம் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போவது போன்ற பாதிப்புகளும் சேரும் நோய்) அதிகம் காணப்பட்டது உண்மை. ஆனால் என் கோபம் வைரஸின் மேல் இல்லை. எதற்கெடுத்தாலும் காய்ச்சலைக் காரணம் காட்டும் பழக்கத்தின் மேல்.

"பிரஷர் இருந்தால் எனக்குத் தெரியாதா?" என்கிறார்கள். தெரியாது. 150/100 இருப்பவர் சிரித்துப் பேசிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்திருப்பார். மயக்கமில்லை, படபடப்பில்லை என்பதெல்லாம் கணக்கே இல்லை. கருவி சொல்வதுதான் கணக்கு. "படியேறி வந்தேன், அதனால்தான்" என்றால் சற்று உட்காருங்கள், மறுபடி அளப்போம். அப்போதும் 140/90க்கு மேலிருந்தால் படியைக் குறை சொல்லிப் பயனில்லை. 160/110 என்றால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. வலிப்பும் மூளையில் ரத்தக்கசிவும் நம்மிடம் நேரம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கண் மங்குதல், மேல்வயிற்றில் வலப்பக்க வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

எங்கள் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிளேட்லெட் குறைந்து, கல்லீரல் நொதிகள் ஏறி, வயிறும் வலித்தால் டெங்கு என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். ப்ரீஎக்லாம்ப்சியாவின் கடுமையான வடிவமான ஹெல்ப் (HELLP) நோய்க்குறியும் அதே முகத்தோடுதான் வரும். கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்ற ஒரு நிமிடம் போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் சொன்ன அளவில். ஐபுபுரோஃபென் வேண்டாம். மூக்கடைப்புக்கான கூட்டு மாத்திரைகள் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும்; கேட்காமல் விழுங்காதீர்கள். ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்க ஆஸ்பிரின் எடுப்பவர்கள் காய்ச்சல் வந்த அன்றே அதைச் சொல்லிவிட வேண்டும்; டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு பயம் உண்டு. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பிரசவம் முடிந்ததும் கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. குழந்தை பிறந்து 6 வாரம் வரை ப்ரீஎக்லாம்ப்சியா வரலாம். அப்போது வரும் தலைவலியைத் தூக்கமின்மை என்று சொல்லிச் சமாளிப்பவர்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.