ஐ5-இடம் தோற்ற ஐ7

2017இன் முதல் பாதியில் மெல்லிய லேப்டாப் வாங்கியவர்களில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள் இன்டெல் ஐ7-7500யூ பிராசசர் (லேப்டாப்பின் கணக்கு வேலைகளைச் செய்யும் சிப்) உள்ளதைத் தேடி வாங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் தன் 8ஆம் தலைமுறை பிராசசர்களை அறிவித்தது. அதில் நடுத்தர வகையான ஐ5-8250யூ-வில் நான்கு கோர்கள் இருந்தன. கணக்குப் போடும் பகுதி ஒவ்வொன்றும் ஒரு கோர். ஐ7-7500யூ-வில் இருந்தவை இரண்டே. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போல எல்லாக் கோர்களுக்கும் வேலை வைக்கும் பணிகளில் புதிய ஐ5, ஓராண்டே ஆன ஐ7-ஐ எளிதாக முந்தியது.

அந்த ஐ7-க்கு அதன் சொந்தத் தலைமுறையிலாவது பெரிய மேன்மை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 7ஆம் தலைமுறை ஐ5-7200யூ-விலும் இரண்டு கோர்கள்தான். ஐ5-இன் உச்ச வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், ஐ7-இனுடையது 3.5. சிப்புக்குள்ளேயே இருக்கும் உள் நினைவகம் 3 எம்பிக்குப் பதில் 4 எம்பி. கூடுதல் பணத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய இவ்வளவே.

3, 5, 7, 9 என்ற எண்கள் லிட்டர், கிலோ போல எதையும் அளப்பவை அல்ல. அந்த ஆண்டு வந்த குடும்பத்தில் இந்த சிப் எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டும் அவை சொல்கின்றன. பல நேரம் அடுத்தடுத்த படிகளில் இருப்பவை ஒரே வார்ப்பு. மண்டிக்கு வந்த மாம்பழத்தைத் தரம் பிரிப்பது போல, தொழிற்சாலையில் சிப்களைச் சோதித்துப் பிரிப்பார்கள். குறைந்த மின்னழுத்தத்தில் அதிக வேகம் தாங்குவது மேல்படிக்குப் போகும். ஒரு சில கோர்கள் பழுதாக இருந்தால் அவற்றை அடைத்துவிட்டுக் கீழ்படிப் பெயரில் விற்பார்கள். 2022இல் வந்த ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் பத்துப் பத்துக் கோர்கள், 12 எம்பி உள் நினைவகம். உச்ச வேகம் மட்டும் 4.4, 4.7 கிகாஹெர்ட்ஸ். வித்தியாசம் ஏழு சதவீதத்தைத் தொடவில்லை.

அந்த ஏழு சதவீதமும் எப்போதும் கைக்கு வராது. காரணம் சூடு.

சிப்பை வேகமாக ஓட்ட வேண்டுமானால் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். மின்செலவு, வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் பத்துப் பத்துச் சதவீதம் உயர்த்தினால் மின்செலவு 33 சதவீதம் கூடிவிடும். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். லேப்டாப்பின் ஒல்லி உடம்பில் ஒரு சின்ன விசிறியும் செப்புக் குழாயும்தான் அதை வெளியேற்றுகின்றன. ஆகவே ஒவ்வொரு சிப்புக்கும் ‘தொடர்ந்து இவ்வளவு வாட்’ என்று ஒரு அடிப்படை அளவு உண்டு. பெயரின் கடைசி எழுத்து அதைச் சொல்கிறது. 12ஆம் தலைமுறையில் யூ என்றால் பொதுவாக 15 வாட், பி என்றால் 28, எச் என்றால் 45.

ஐ7-1255யூ-வில் 15 வாட்டைப் பத்துக் கோர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை வாட். அதை வைத்துக்கொண்டு 4.7 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. அதே 15 வாட்டில் ஓடும் ஐ5-உம் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் நிற்கும். ஆனால் கடையில் தொட்டுப் பார்க்கும்போது இது தெரியாது. அடுப்பைப் பற்றவைத்ததும் தோசைக்கல் சுட்டுவிடுவதில்லை அல்லவா? அதுபோல, குளிர்ந்திருக்கும் உலோகம் வெப்பத்தை உள்வாங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு சிப் 55 வாட் வரைகூட இழுக்கலாம். பிரவுசர் சட்டென்று திறக்கும், பார்ப்பவருக்கும் பிடித்துப்போகும். வீட்டுக்கு வந்து அரைமணி நேர வீடியோவை ஏற்றுமதி செய்யும்போதுதான் வேகம் இறங்குவது தெரியும்.

அதனால் நீண்ட வேலைகளில் ஐ5-12500எச் பொருத்திய லேப்டாப், ஐ7-1255யூ பொருத்தியதைத் தாராளமாக முந்தும். அதற்குக் கொடுக்கும் விலையாக பேட்டரி சீக்கிரம் இறங்கும், விசிறி சத்தம் போடும், பையும் கனக்கும். வகுப்புக்கு வகுப்பு தூக்கிக்கொண்டு போகிறவருக்கு யூ வகையே நல்லது என்பேன்.

கோர்களை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதும் இப்போது சரிவராது. 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் பல சிப்களில் இரண்டு வகைக் கோர்கள் கலந்திருக்கின்றன. பெரியவை வேகத்துக்கு, சிறியவை சிக்கனத்துக்கு. ஐ3-1215யூ-வில் இரண்டு பெரியவை, நான்கு சிறியவை, ஆக ஆறு. ஐ3-என்305-இல் எட்டு, ஆனால் எட்டுமே சிறியவை. ஒற்றைக் கோரை நம்பி நடக்கும் அன்றாட வேலைகளில் ஆறு கோர் உள்ளதுதான் சுறுசுறுப்பு.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் குழப்பம் வேறு விதம். அதன் பிராசசர்களின் பெயர் ரைசன். 2023இன் பெயர்முறைப்படி ரைசன் 5 7520யூ, 7530யூ, 7640யூ மூன்றும் அந்த ஆண்டின் ரைசன் 5-கள்தான். முதல் எண் 7 என்பது ஆண்டை மட்டும் குறிக்கிறது. உள்ளே என்ன வடிவமைப்பு என்பதைச் சொல்வது மூன்றாவது எண். 7520யூ-வில் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2, அதுவும் நான்கு கோர்கள். மற்ற இரண்டிலும் ஆறு கோர்கள். ஒன்று ஜென் 3, இன்னொன்று ஜென் 4. வாங்குகிறவர் இதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது, “ஐ5 போதுமா, ஐ7 வேணுமா?” என்பதுதான். ரேம் எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். பிராசசரும் அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் (திரையில் காட்சியை உருவாக்கும் பகுதி) ஒரே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கழற்றி மாட்டும் ரேம் ஒரே துண்டாக இருந்தால் தரவு வரும் பாதை பாதியாகிவிடும். 12ஆம் தலைமுறை ஐ5-1235யூ-வில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு துண்டு மாட்டினால் கிராஃபிக்ஸின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று வரும். ஒன்று மட்டும் இருந்தால் அதே சிப் யூஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டும். விளையாட்டுகளில் இந்த வித்தியாசம், ஐ5-க்கும் ஐ7-க்கும் உள்ளதைவிடப் பெரிது. ஐ7-க்குத் தரவிருந்த பணத்தில் இன்னொரு ரேம் துண்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்டிக்கரில் ‘ஐ7’ மட்டும்தான் இருக்கும். முழு எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் போட்டால் கோர்கள், வாட், வெளியான காலம் எல்லாம் வந்துவிடும். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும், ஏனென்றால் ஐ7 என்ற பெயருக்காகவே அங்கே விலை ஏறி நிற்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசசர்களின் பட்டியலில் ஐ5-8250யூ இருக்கிறது. ஐ7-7500யூ இல்லை.