ரான்சம்வேர்: பணயத் தீநிரல்

கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறந்துவிடப் பணம் கேட்கும் நிரலை ரான்சம்வேர் என்கிறார்கள். ‘ரான்சம்’ என்ற ஆங்கிலச் சொல், விலைகொடுத்து மீட்டல் என்னும் பொருளுடைய ‘ரெடெம்ப்டியோ’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. போரில் சிறைப்பட்டவரை விடுவிக்கக் கொடுத்த தொகையை அது குறித்தது. ‘வேர்’ என்றால் பண்டம். அது ‘சாஃப்ட்வேர்’ என்பதன் பின்பாதி.

சொல் தோன்றுவதற்கு முன்பே, 1989-இல், செயல் தோன்றிவிட்டது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் சென்றன. அவற்றிலிருந்த நிரல் கோப்புகளின் பெயர்களை உருமாற்றிவிட்டு, 189 டாலரைப் பனாமாவிலுள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. பூட்டவும் திறக்கவும் ஒரே திறவுகோலை அது பயன்படுத்தியதால், வல்லுநர்கள் விரைவில் மாற்று நிரல் எழுதிவிட்டார்கள். ஆனால் பூட்டுவதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொன்று என்னும் மறையாக்க முறையையும் இதற்குப் பயன்படுத்த முடியும் என்று ஆடம் யங், மோட்டி யங் ஆகிய இருவரும் 1996-இல் காட்டினார்கள். அம்முறையில் திறக்கும் திறவுகோல் தாக்குபவரிடமே இருந்துவிடுகிறது.

தமிழில் இதற்கு எது பொருந்தும்? ‘மீட்பு’ மூலப்பொருளுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் ‘மீட்பு மென்பொருள்’ என்றால் அழிந்த கோப்புகளைத் திரும்பப் பெற உதவும் கருவி என்றே படிப்பவர் கொள்வர், அது நேர்மாறான பொருள். ‘பிணையம்’ என்பது நெட்வொர்க்கைக் குறிக்கப் புழங்கிவருகிறது. இலங்கைத் தமிழில் ‘கப்பம்’ இன்றும் மிரட்டிப் பறிக்கும் பணத்தைக் குறிக்கும் உயிருள்ள சொல். தமிழ்நாட்டு வாசகருக்கோ சிற்றரசர் பேரரசருக்குச் செலுத்திய திறைதான் முதலில் நினைவுக்கு வரும். ஈடாகப் பிடித்துவைக்கும் பொருளைச் சுட்டும் ‘பணயம்’, பணயக்கைதி என்ற வழக்கால் எல்லோருக்கும் அறிமுகமானது. தீங்கு செய்யும் நிரலான மால்வேரைக் குறிக்கும் ‘தீநிரல்’ என்பதோடு சேர்த்துப் ‘பணயத் தீநிரல்’ என்பதே தெளிவானது என்பது என் துணிபு.

‘ரான்சம்வேர் வைரஸ்’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். வைரஸ் என்பது வேறொரு கோப்போடு ஒட்டிக்கொண்டு பரவும் நிரல்; ரான்சம்வேர் எல்லாம் அப்படிப் பரவுவதில்லை. 2017 மே மாதத்தில் ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் சொடுக்காமலேயே வலையமைப்பு வழியே தானாகப் பரவிய புழு வகையைச் சேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு 2 மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

பாதுகாப்பு மென்பொருள் முன்பே அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களைத் தேடுகிறது. அதோடு, ஏதேனும் ஒரு நிரல் குறுகிய நேரத்தில் ஏராளமான கோப்புகளை மாற்றி எழுதத் தொடங்கினால் அதை நிறுத்திவைக்கவும் முயல்கிறது. இவ்விரண்டும் பூட்டு விழுவதற்கு முன் பயன்படுபவை. பூட்டிய பிறகு தீநிரலை நீக்கினாலும் கோப்புகள் திறவா. அப்போது கைகொடுப்பது வேறோர் இடத்தில் சேமித்த நகல்தான். அந்த நகல் உள்ள வட்டு கணினியோடு எப்போதும் இணைந்திருந்தால், அதையும் சேர்த்தே தீநிரல் பூட்டிவிடக்கூடும்.