ஏடிவிக்குப் புது ஷாக் வாங்கும் முன் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள்

"ஷாக் போயிடுச்சு, நல்லதா ஒரு செட் போட்டுக் குடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலான ஏடிவிகளை (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டிகளை) பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். கழற்றிப் பார்த்தால் ஷாக் அப்சார்பர் பல வண்டிகளில் நன்றாகவே இருக்கும். ஸ்பிரிங் ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்தாமல் இருக்கும், இல்லையென்றால் டயரில் காற்று கூடியிருக்கும், இணைப்புகளில் இருக்கும் புஷ் என்ற சிறு உறை தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். அதே ஸ்பிரிங், அதே தேய்ந்த புஷ்ஷோடு விலை கூடிய ஷாக்கை மாட்டினால் வண்டி பழையபடியேதான் ஓடும். சில மாற்றங்கள் வண்டியை முன்பைவிட ஆபத்தானதாகவும் ஆக்கிவிடும்.

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். வண்டியையும் ஆளையும் தாங்கி நிற்பது ஸ்பிரிங். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு எதிர்த்துத் தள்ளும். ஷாக் சொல்லும்படியாக எடை எதையும் தாங்குவதில்லை. அதற்குள் ஒரு பிஸ்டன் ஆயிலில் ஏறி இறங்குகிறது. பிஸ்டனின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் ஆயில் மறுபக்கம் போக முடியும். ஸ்பிரிங் சேர்த்துவைத்த சக்தி அங்கே சூடாக மாறிக் கரைகிறது. வேகமாக அமுக்கினால் ஷாக் பலமாக எதிர்க்கும், மெதுவாக அமுக்கினால் வழிவிடும். எனவே வண்டி பின்னால் தாழ்ந்தே நிற்கிறது என்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை துள்ளிக்கொண்டே போகிறது என்றால் ஷாக்கைப் பாருங்கள்.

காரில் ஓர் ஆள் கூடுதலாக ஏறினால் பெரிய மாற்றம் தெரியாது. ஏடிவியின் எடையோ பெரும்பாலும் 200 முதல் 350 கிலோவுக்குள்தான். அதில் 60 கிலோ ஆள் உட்காருவதும் 110 கிலோ ஆள் உட்காருவதும் ஒன்றாகாது. பின் கேரியரில் மருந்து டேங்க்கோ கருவிப் பெட்டியோ ஏறினால் கணக்கு இன்னும் மாறும். கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக நடுத்தரமான ஒரு ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்புகிறது. அது உங்களுக்குப் பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் ஷாக் மீது பழி போடுவதில் பயனில்லை.

செலவே இல்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். 1970இல் ஹோண்டா கொண்டுவந்த யுஎஸ்90 மூன்று சக்கர வண்டியில் சஸ்பென்ஷனே கிடையாது. உப்பலான பெரிய டயர்கள்தான் குலுக்கல் முழுவதையும் வாங்கிக்கொண்டன. இன்றைய ஏடிவியிலும் டயருக்கு அந்த வேலையில் ஒரு பங்கு இருக்கிறது. பல மாடல்களுக்குச் சொல்லப்படும் காற்றழுத்தம் 4 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். கார் டயருக்கான கேஜில் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள கேஜ் வேண்டும். 5 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 10 இருந்தால் எந்த ஷாக் போட்டாலும் வண்டி கட்டை மாதிரிதான் இருக்கும். அப்புறம் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பால் ஜாயின்ட், சக்கர பேரிங், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஏ-ஆர்மின் புஷ் எது தேய்ந்திருந்தாலும் கையிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அமுக்கத்தை அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்பிரிங் வாங்கவே கூடாது என்பேன். வண்டியை ஜாக்கில் ஏற்றிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, சக்கர மையத்திலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் வெறும் வண்டியின் அமுக்கம். பிறகு ஓட்டுபவர் ஹெல்மெட், பூட்ஸ், வழக்கமாக ஏற்றும் சுமை எல்லாவற்றோடும் ஏறி உட்கார, இன்னொருவர் அளந்து, முதல் அளவிலிருந்து கழிக்க வேண்டும். ஆளோடு சேர்ந்த அமுக்கம் சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் (ட்ராவல்) கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருந்தால் பொதுவாக நல்லது. 240 மில்லிமீட்டர் ட்ராவல் உள்ள வண்டியில் அது 60 முதல் 80 வரை வரும். முன்பக்கத்துக்குத் தனியாக, பின்பக்கத்துக்குத் தனியாக அளக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் ப்ரீலோட் என்ற வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள்கூட நம்புகிறார்கள். வழக்கமான சுருள் ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. 1 மில்லிமீட்டர் அமுங்க 10 நியூட்டன் கேட்கிற ஸ்பிரிங்கை 20 மில்லிமீட்டர் முன்கூட்டியே இறுக்கினால், அது அசைய ஆரம்பிக்கவே 200 நியூட்டன் கேட்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே 10தான். வண்டி உயர்ந்து நிற்கும், ஸ்பிரிங்கின் குணம் மாறாது.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. வளையத்தைத் திருகித் திருகி, ஆள் உட்கார்ந்த அமுக்கத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இப்போது ஆள் இறங்கிய பிறகு வண்டி கொஞ்சம்கூட அமுங்காமல் முழு உயரத்திலேயே நிற்கிறதா? ஸ்பிரிங் மிருதுவாக இருக்கிறது, அளவுக்கு மீறி இறுக்கி ஈடுகட்டியிருக்கிறீர்கள். அடுத்த கடினத்துக்குப் போக வேண்டும். மாறாக, ஆளோடு அமுக்கம் சரியாக இருந்து, ஆள் இல்லாமலே வண்டி வெகுவாக அமுங்கி நின்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். அளந்து பார்த்தால் புரிந்துவிடும்.

புது ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கம்பியின் தடிமன் 10 மில்லிமீட்டரிலிருந்து 11 ஆனால், மற்ற அளவுகள் மாறாதபோது, ஸ்பிரிங் ஏறக்குறைய 46 சதவீதம் கடினமாகிறது. வேறு மாடலிலிருந்து எடுத்துப் போடுவதிலும் சிக்கல் உண்டு. ஒரு வண்டியில் சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறும்போது ஷாக் 5 சென்டிமீட்டர் அமுங்கும், இன்னொன்றில் 6 அமுங்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் அதே ஸ்பிரிங் இரண்டாவது வண்டியின் சக்கரத்தில் 44 சதவீதம் கடினமாக வேலை செய்யும். பழைய ஸ்பிரிங் மேல் இன்னொரு சிறு ஸ்பிரிங்கை அடுக்கினால் பலம் கூடும் என்பதும் தவறு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்தம் மிருதுவாகும்: சமமான இரண்டை அடுக்கினால் பாதிக் கடினம்தான் மிஞ்சும். ஒரு சுற்றை அறுத்து எடுக்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அறுத்த முனை ஸ்பிரிங் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு நகரும்.

ஷாக், ஸ்பிரிங் மாற்றும்போது "அப்படியே ரெண்டு இஞ்ச் தூக்கிடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. ஏடிவி விபத்துகளில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் வண்டி கவிழ்ந்து ஆள்மேல் விழுவதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கு இடையே 100 சென்டிமீட்டர், ஆளோடு சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால், அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் சுமார் 40 டிகிரி சரிவில் கவிழும். 5 சென்டிமீட்டர் தூக்கினால் அது 38க்கும் கீழே இறங்கிவிடும். இது டயரும் ஸ்பிரிங்கும் அமுங்காது என்று வைத்துச் சொன்ன கணக்கு. ஓட்டத்தில், வளைவில், குழியில் அதைவிட முன்னதாகவே கவிழும். உயர்த்திய வண்டியில் அச்சின் ஜாயின்ட்டுகள் எப்போதும் அதிகக் கோணத்திலேயே சுழல்வதால் அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறைகளும் சீக்கிரம் கிழிகின்றன. சரியான ஸ்பிரிங் போட்டாலே தாழ்ந்து நின்ற வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் வேண்டாம்.

இனி ஷாக். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் அது திரும்பி விரியும் வேகமும் கூடும், பழைய ஷாக்கால் அதைப் பிடித்துவைக்க முடியாமல் போகலாம். மேட்டில் ஏறியதும் பின்பக்கம் உதைத்துத் தூக்கும். அதனால் ரீபவுண்ட் கிளிக்கை, அதாவது ஸ்பிரிங் விரிவதை ஷாக் எதிர்க்கும் அளவைத் திருகி மாற்றும் வசதியை, கொஞ்சம் கூட்ட வேண்டும். கிளிக் வசதியே இல்லையென்றால் அப்போது ஷாக் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ரீபவுண்டை அளவுக்கு மேல் கூட்டினால் வேறு தொல்லை. அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் முழுதாக இறங்க நேரமில்லாமல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கட்டையாக அடிக்கும். வாங்குவதானால் பிரித்து ஆயிலும் சீலும் மாற்றக்கூடிய ஷாக்கையே வாங்குங்கள். நீண்ட நேரம் கரடுமுரடான தரையில் வேகமாக ஓட்டுபவருக்குத் தனி கேனிஸ்டர் (கூடுதல் ஆயில் இருக்கும் குப்பி) உள்ளது உதவும், ஆயில் கூடுதலாக இருப்பதால் சூடு தாமதமாக ஏறும். தோட்டத்தில் மெதுவாக ஓட்டுபவருக்கு அது தேவையில்லாத செலவு.

கேஸ் ஷாக்கை வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே நைட்ரஜன் அதிக அழுத்தத்தில் இருக்கும், பல ஷாக்குகளில் 150 பிஎஸ்ஐக்கு மேல். ஸ்பிரிங்கைக் கழற்றவும் அதற்கான கம்ப்ரஸர் கருவி வேண்டும். கயிற்றையும் கம்பியையும் வைத்து அமுக்கும்போது விடுபட்டால் முகத்தில்தான் அடிக்கும்.

மாட்டும்போது முதலில் ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் போட்டு, சக்கரத்தைக் கீழிருந்து மேல்வரை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்காவது உரசுகிறதா, ஜாயின்ட் எங்காவது பிடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு ஸ்பிரிங்கோடு மாட்டி, அமுக்கத்தை மறுபடி அளந்து, முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். சில ஓட்டங்களில் புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். அதற்குப் பிறகு இன்னொரு முறை அளந்து ப்ரீலோட் வளையத்தைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்க வேண்டும்.