நரம்பு ‘அடைப்பு’ அல்ல, நரம்பு மரப்பு

‘புற நரம்பு அடைப்பிற்கான உள்ளூர் மயக்க மருந்துகளின் கலப்படம்.’ கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தில் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். மணிக்கட்டு முறிந்து, தகடு வைக்கப் படுக்கப் போகிறவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? புதுச்சேரி பஸ்ஸை ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிறுத்திப் பையைத் துழாவுகிற ஊர் இது. இங்கே ‘உள்ளூர்’, ‘மயக்கம்’, ‘கலப்படம்’ மூன்றையும் ஒரே வரியில் எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சொல்ல வந்த செய்தி எளியது. ஆங்கிலத்தில் ‘நெர்வ் பிளாக்’. கைக்கோ காலுக்கோ போகும் நரம்பின் அருகில் மருந்தைச் செலுத்தி, அந்த உறுப்பை மட்டும் உணர்வற்றுப் போகச் செய்வது. சீக்கிரம் வேலையைத் தொடங்கும் லிக்னோகெய்னையும், நெடுநேரம் நிற்கும் பியூபிவகெய்னையும் சிலர் கலந்து போடுகிறார்கள்.

படிவம் ‘மயக்கம்’ என்று பெயர்த்த மூலச்சொல்லான ‘அனஸ்தீசியா’ கிரேக்கம். ‘அன்’ என்றால் இல்லாமை, ‘ஐஸ்தேசிஸ்’ என்றால் உணர்வு. அறுவைக்கு ஈதர் ஆவி வந்த 1846ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இந்தப் பெயரைப் பரிந்துரைத்தார். 1884இல் கண் மருத்துவர் கார்ல் கொல்லர் கோகெய்னைக் கண்ணில் இட்டு வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று காட்டினார். இன்றைய மருந்துகளின் ‘கெய்ன்’ என்ற வால் அங்கிருந்து வந்தது. உணர்வின்மைதான் பொருள். மயக்கம் அதில் எங்கும் இல்லை.

‘உள்ளூர்’ பற்றி அதிகம் பேசவேண்டாம். ‘லோக்கல்’ என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ‘கலப்படம்’ மிளகாய்த்தூளில் செங்கல் பொடி சேர்ப்பவர்களின் தொழில். மருந்துக்குக் ‘கலவை’ போதும்.

என் சண்டை ‘அடைப்பு’ என்ற சொல்லோடுதான். மூக்கடைப்பு, சாக்கடை அடைப்பு, இதயக் குழாய் அடைப்பு என்று தமிழில் அடைப்பு என்பது எப்போதும் நீக்கவேண்டிய கோளாறு. யாரும் காசு கொடுத்து அடைப்பைப் போட்டுக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, நம் மக்கள் ரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்கிறார்கள். சிரை வழியே போடுவதற்கு ‘நரம்பு ஊசி’ என்றுதான் பெயர். ஆகவே ‘நரம்பு அடைப்பு’ என்று படிப்பவர், கை ஒடிந்து வந்த இடத்தில் தனக்கு மாரடைப்புக்கான அறிகுறி தெரிந்துவிட்டதாகவே பயப்படுவார். ‘அதை எடுக்க எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டால் அவர்மேல் என்ன தப்பு?

‘தடுப்பு’ என்று மாற்றலாமே என்பார்கள். சோடியம் அயனிகள் நரம்பு இழைக்குள் நுழைவதைத் தடுத்துத்தான் இந்த மருந்து வலிச் செய்தியை நிறுத்துகிறது, எனவே அறிவியலுக்கு அது பொருந்தும். ஆனால் கூடவே ‘ஊசி’யைச் சேர்த்துப் பாருங்கள்: ‘நரம்புத் தடுப்பூசி’. போலியோ சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ‘உணர்வகற்றி’ தூய்மையான ஆக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு, பிறகு அதற்கும் ஓர் உரை சொல்லவேண்டும்.

‘மயக்க மருந்து’ இவற்றைவிட ஆபத்தானது. முழு உடலுக்கும் தரும்போது அந்தப் பெயர் சரி. மயக்கவியல் துறை என்ற பலகையும் அப்படியே இருக்கட்டும். நரம்பருகே போடும்போது நோயாளி பெரும்பாலும் விழித்திருக்கிறார். மருந்து அளவு மீறினாலோ ரத்தத்தில் கலந்தாலோ முதலில் தெரிவது உதட்டைச் சுற்றி உணர்வின்மை, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல். அடுத்தது வலிப்பாகவும் இருக்கலாம், இதயத் தாளம் குலைவதாகவும் இருக்கலாம். இந்த முதல் அறிகுறிகளை நோயாளிதான் வாய்திறந்து சொல்லவேண்டும். ‘மயக்க மருந்து’ என்று சொல்லி வைத்தால், மயக்கம் வரத்தானே செய்யும் என்று அவர் பேசாமல் கிடப்பார்.

கலவை என்றால் இந்தக் கவனம் இன்னும் தேவை. சரிபாதியாகக் கலந்தால் ஒவ்வொன்றின் செறிவும் பாதியாகிறது. வேகத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். பியூபிவகெய்னைத் தனியாகப் போட்டால் மரப்பு நிற்கும் நேரமும் இதில் குறைகிறது. நச்சுத்தன்மை மட்டும் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனியே உச்ச அளவு வரை போடலாம் என்று கணக்குப் போடக்கூடாது.

சரியான சொல்லைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. கடலூர் துறைமுகத்தில் ஐஸ்கட்டிக்கு நடுவே மீன் அடுக்கும் பெண்கள் ‘விரல் மரத்துவிட்டது’ என்கிறார்கள். பல் பிடுங்கும் மருத்துவரும் ‘மரத்துப்போக ஊசி போடுகிறேன்’ என்றுதான் சொல்கிறார். மரம்போல உணர்வற்றுப் போவது மரத்தல். அதன் பெயர் மரப்பு. மருந்து ‘மரப்பு மருந்து’, செய்முறை ‘நரம்பு மரப்பு’. படிவத்தில் ‘உங்கள் கை மரத்துப்போக, இரண்டு மரப்பு மருந்துகளைக் கலந்து நரம்பருகே செலுத்துவோம், காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்லுங்கள்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது? எழுதமாட்டார்கள். பேச்சில் இருப்பதை எழுதினால் படித்தவர்போல் தெரியாது என்பது மொழிபெயர்ப்பாளர்களில் பலருக்கு நிரந்தரக் கவலை.

‘திமிர்’ என்ற சொல்லுக்கும் இங்கே உரிமை உண்டு. நெடுநேரம் சம்மணமிட்டால் கால் திமிர்த்துப் போகிறது. பொருளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ‘உங்களுக்குத் திமிர் மருந்து தரவேண்டும்’ என்று சொல்லிவிட்டு மருத்துவர் வார்டைவிட்டு நல்லபடியாக வெளியே வரவேண்டுமே.